ஏற்காட்டு உச்சியில் 14 மாடி: ஆறரை லட்சம் கட்டிவிட்டு நிற்கிறேன், நீங்களாவது ஏமாறாதீர்கள்

இப்போதுதான் அந்த ஆபீஸிலிருந்து வருகிறேன். ஏழாவது தடவை. அதே சோபா, அதே அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதே "சார் மீட்டிங்ல இருக்காருங்கண்ணா". வண்டியை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், திருத்தும் நிலையில் நான் இல்லை.

போனது ஆறரை லட்சம் ரூபாய்.

கம்பெனி பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சேலத்தில் வீட்டுமனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அடுக்குமாடிப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அவர்களுடைய விளம்பர வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். மேகத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கட்டடம், பால்கனியில் ஒரு தாத்தா காப்பி குடிப்பார், பின்னால் புல்லாங்குழல். அந்தத் தாத்தாவைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வீடும் கொலுசுப் பட்டறையும் ஒன்றுதான். கீழே பற்றவைக்கிற புகை, மேலே அம்மாவின் அறை. மாசி முடிந்தால் மொட்டைமாடித் தளம் கொதிக்க ஆரம்பிக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். அம்மா பிறந்தது ஏற்காட்டில், ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில். கல்யாணமாகிக் கீழே இறங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் பங்குனியில் ஒரு மழை பெய்தால், "இந்நேரம் மேல காப்பிப் பூ பூத்திருக்கும்டா" என்பார். மல்லிகை மாதிரி வாசம் வருமாம், ஒரு வாரத்துக்கு மலையே மணக்குமாம். அவரைத் திரும்ப மேலே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை அவர்கள் காரிலேயே கூட்டிப்போனார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே வந்தார். ஒண்டிக்கடை தாண்டி, தார் ரோட்டை விட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. அதன் முடிவில் மேடு. அங்கே சுண்ணாம்பில் கோடு போட்டு, நான்கு மூலையில் கொடி நட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இடம் அருமையான இடம். சாயங்காலம் ஆறரை இருக்கும். பனி விலகினதும் கீழே சேலம் முழுக்க விளக்குப் போட்ட மாதிரித் தெரிந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் ஊர்ந்தது. கீழே நாம் தினமும் திட்டிக்கொண்டே ஓட்டும் ரோடெல்லாம் அங்கிருந்து பார்த்தால் நாங்கள் செய்கிற கொலுசுச் சங்கிலி மாதிரி மினுங்குகிறது. "லேடீஸ் சீட்ல கூட்டத்தோட நின்னு பாக்கறதை நீங்க உங்க பால்கனில சேர் போட்டுப் பாக்கலாங்கண்ணா" என்றான் கூட வந்த தம்பி. நெற்றியில் விபூதி, பணிவான பேச்சு. அவனைச் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்.

குளிரில் அம்மா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டார். அவன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அம்மா தோளில் போட்டான். பிறகு அவர் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு இடத்தில் நிறுத்தி, "அம்மா, இதுதாங்க உங்க ரூமு. இங்கிருந்து நேரா மேல, ஒம்பதாவது மாடி. காலைல கண்ணைத் திறந்தா சூரியனுங்க" என்றான். அம்மா அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஆகாயம்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அதில் வீடு தெரிந்தது.

அப்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏஞ்சாமி, இத்தனை குடித்தனத்துக்குத் தண்ணி எங்கிருந்து வரும்? நாங்க சின்னப் புள்ளைல ஊத்துக்கு நடந்து போவோம்." அவன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கம்பெனி பாத்துக்குமுங்கம்மா" என்றான். அம்மா விடாமல் இன்னொரு தடவை கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இரும்மா, அவங்களுக்குத் தெரியாதா" என்றேன். எத்தனை ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் போயிருக்கிறது.

அங்கேயே ஐம்பதாயிரம் புக்கிங். ஜிபே போகவில்லை, சிக்னல் இல்லை. அந்தத் தம்பி ஒரு பாறையைக் காட்டி "அது மேல ஏறினா கிடைக்குங்கண்ணா" என்றான். ஏறினேன். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் தேடி, என் பணத்தை நானே அனுப்பி வைத்தேன். என் சொந்த மச்சான் வெள்ளி கொண்டு வந்தாலும் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்க்காமல் வாங்காதவன் நான்.

வீட்டின் விலை 52 லட்சம். பத்து நாளில் முன்பணத்தில் மீதியைக் கட்டினால் சதுர அடிக்கு நானூறு குறைப்பு என்றார்கள். நான்கு லட்சம் செக். இரண்டு லட்சம் ரொக்கம், "டாக்குமெண்ட் செலவுக்குங்கண்ணா, ரசீதுல வராது". ஆக ஆறரை லட்சம் கொடுத்தேன், ரசீது நாலரைக்கு. பங்குனியில் பூமி பூஜை, பத்திரிகை வீட்டுக்கு வரும் என்றார்கள்.

பங்குனியில் கேட்டேன், அப்ரூவல் டேபிளில் இருக்கிறது. சித்திரையில் கேட்டேன், எம்.டி. மலேசியாவில் இருக்கிறார். வைகாசியில், "அக்னி நட்சத்திர வெயில்ல ஆள் கிடைக்கலைங்கண்ணா". மலை மேல் குளிரில் கட்டுகிற கட்டடத்துக்கு வெயிலாம்! அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் யாராவது ஆரம்பிப்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஸ்வெட்டர் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய்விட்டானாம். அவன் நம்பரில் என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான் விழுகிறது.

நடுவில், கோடை விழா நேரத்தில் ஒரு நாள் நானே மேலே போனேன். ஞாயிற்றுக்கிழமை போனது என் முட்டாள்தனம், ஏறவே இரண்டரை மணி நேரம். மேட்டில் சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோயிருந்தது. ஒரு கொடி மட்டும் சாய்ந்து கிடந்தது. அம்மாவின் ரூம் இருந்த இடத்தில் காட்டுமாடு சாணி போட்டிருந்தது. மண் பாதை முனையில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த மாடி வீட்டுக்குப் பணம் கட்டினவிங்களா? இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளுங்க" என்றார்.

அந்த அக்கா பத்து நிமிஷத்தில் சொன்னதை அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்திரை வைகாசியில் அவர்களே தண்ணீர் லாரியைத்தான் நம்பியிருக்கிறார்கள். பாறை மேல் இருக்கும் மேட்டில் போர் போட்டால் புழுதிதான் வரும். இதில் அந்த 14 மாடியில் வரப்போகிற 112 குடும்பத்துக்குத் தண்ணீராம். "மழைல நாலு நாள் கரண்டு போனா ஒம்பதாவது மாடிக்கு உங்கம்மாவைத் தூக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். ஜெனரேட்டர் இருக்கும் என்றேன். டீசலும் இந்த ரோட்டில்தான் வர வேண்டும் என்றார்.

ரோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டியே போகவில்லை. குப்பனூர் வழி என்று இன்னொரு பாதை இருக்கிறது, சரி. ஆனால் நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே வீசிங். பனி மூட்டத்தில் துணி மூன்று நாள் காயாது, தோல் செருப்பில் பூசணம் பிடிக்கும் என்று அம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறார். பால்கனித் தாத்தாவைப் பார்த்த மயக்கத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. மலையில் வாழ்கிறவர்கள் ஓட்டு வீடாகத் தாழக் கட்டி, சரிவில் ஒண்டிக்கொண்டு வாழ்வது சும்மா இல்லை.

மறுநாள் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் பிரவுஷரைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏற்காட்டுல பதினாலு மாடியா?" என்றார். சிரிக்கவில்லை, அதுவே மரியாதை. ஹாக்கா என்று சொல்கிறார்களே, மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அது 1990 முதல் இருக்கிறது. அதன் வரம்புக்குள் வருகிற மலைக் கிராமத்தில் கட்ட வேண்டுமானால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொருவரிடமும் கருத்து வாங்கி, அதற்கு மேல்தான் அனுமதி. கட்டடத்தின் உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மண் சரியும், ஓடை அடைபடும், அதற்காகத்தான் இவ்வளவும் என்று பொறுமையாகச் சொன்னார். "அப்ரூவல் டேபிளில் இருக்கிறது" என்றார்களே, எந்த டேபிளிலும் இல்லை. விண்ணப்பமே போகவில்லை.

பிரவுஷர் மூலையில் ஒரு ரெரா நம்பர், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிந்த நம்பர், போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு தைரியம். என் மகள் ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள், இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நம்பர் உண்மைதான். ஆனால் அது இவர்கள் கீழே போட்ட ஒரு மனைப்பிரிவின் நம்பர். மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரசீதில் இருந்த சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். நிலம் இன்னும் எஸ்டேட்காரர் பெயரில்தான் இருக்கிறது. இவர்களுக்கு அக்ரிமெண்ட் பதிவானதாகக்கூட இல்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் போட்டேன். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். "அண்ணா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க. கேன்சல் பண்ணிக்கலாம்" என்றார். எப்படி என்று கேட்டேன். ரசீதுப்படி நாலரைதானாம். அதில் கால் பாகம் கழிவு போக 3,37,500. அதுவும் என் ஒன்பதாவது மாடி வீட்டை வேறு யாராவது வாங்கிய பிறகு. ஆகாயத்தில் இருக்கும் வீட்டை இன்னொருவன் வந்து வாங்க வேண்டுமாம், அப்போதுதான் எனக்குப் பணமாம். "அப்ப அந்த ரெண்டு லட்சம்?" என்றேன். "எந்த ரெண்டு லட்சங்கண்ணா?" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இல்லையென்றால் கீழே இருக்கும் மனைப்பிரிவில் ஒரு மனை எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு எட்டு லட்சம் போட்டால் போதும் என்று வேறு சொன்னார். ஆறரை லட்சத்தை விட்டுவிட்டு எட்டு லட்சமும் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அவ்வளவுக்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது, முன்பணம் வாங்குவது இருக்கட்டும். நம்பர் இருந்தால் மட்டும் போதாது, அது எந்தத் திட்டத்தின் நம்பர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. எனக்கு 5,20,000 தான் கணக்கு, அதைத் தாண்டும்போதே ஒப்பந்தம் கேட்டிருக்க வேண்டும், நான் ஆறரை கொடுத்தேன். ரொக்கம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இடத்துக்கு முன்பணமாக இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அவர்களுக்கே அபராதம் என்று ஆடிட்டர் இப்போது சொல்கிறார். மலையில் வாங்குவதானால் ஹாக்கா காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். சர்வே எண் வாங்கி வில்லங்கம் போடுங்கள், பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். வயதானவர்கள் கேள்வி கேட்டால் வாயை மூடச் சொல்லாதீர்கள். இவ்வளவுதான் இப்போதைக்கு வருகிறது.

ரெராவில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். போலீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. இதே மேட்டுக்குப் பணம் கட்டினவர்கள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், சேர்ந்து போவோம். டீக்கடை அக்கா கணக்குப்படி ஒரு வாரத்துக்கே நாலு பேர்.

அந்த ஸ்வெட்டர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். பணம் என்னாயிற்று என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், சார் கண்டிப்பாக இருப்பாராம்.