லேபர் வார்டில் மாக் டிரில்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் லேபர் வார்டில் பிரசவ அவசரநிலை ஒத்திகைக்கு (மாக் டிரில்) மாமாநேட்டலி என்ற, உடம்பில் கட்டிக்கொள்ளும் பயிற்சிக் கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு நர்ஸ் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடிப்பார். செயற்கை ரத்தத்தை அவரே திறந்துவிடுவார். நடுவில் "எனக்கு என்ன ஆகுது?" என்று கேட்பார். பதில் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கவேண்டும். விலை கூடிய மேனிகின்களில் (பயிற்சிப் பொம்மைகளில்) இந்த உயிர்ப்பு கிடைக்காது.

முதலில் மாறியது எங்கள் பேச்சுதான். "யாராவது ஆக்ஸிடோசின் போடுங்க" என்று (கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி அது) பொதுவாகக் கத்தினால் இரண்டு பேர் ஓடுவார்கள், இல்லையென்றால் ஒருவரும் போகமாட்டார்கள். இப்போது பெயர் சொல்லிக் கேட்கிறோம். போட்டவர் "10 யூனிட் போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்கிறார்.

தோள் சிக்கும் ஒத்திகை, அதாவது குழந்தையின் தலை வந்தபின் தோள் உள்ளே மாட்டிக்கொள்ளும் நிலைக்கானது, தனி ரகம். தலை வெளிவந்த நேரத்தை ஒருவர் உரக்கச் சொல்ல, இருவர் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடிக்க, இன்னொருவர் அடிவயிற்றின் கீழ் முனையில் உள்ள பூப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தவேண்டும். புதிதாக வருபவர்களின் கை தானாக மேல்வயிற்றுக்குப் போகும். அங்கே அழுத்தவே கூடாது. பிரிஸ்டல் சவுத்மீட் மருத்துவமனையில் இந்த மாதிரிப் பயிற்சி தொடங்கிய பின், தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பயிற்சியை வகுப்பறையில் நடத்தாமல் பிரசவ அறையிலேயே நடத்துங்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் ஆசிட் பூட்டிய அலமாரியில் இருப்பதும், சாவி வேறொரு தளத்தில் இருப்பதும் எங்களுக்கு ஒத்திகையில்தான் தெரிந்தது. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போடவேண்டிய மருந்து அது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

குறையும் உண்டு. பயிற்சி முடிந்த அன்று நிரப்பும் ஃபார்மில் எல்லாரும் தன்னம்பிக்கைக்கு முழு மார்க் போட்டுக்கொள்வார்கள். சில மாதத்தில் கைப்பழக்கம் தேய்ந்துவிடும், தைரியம் மட்டும் அப்படியே நிற்கும். எனக்கு அதுதான் பயம். அதனால் அந்த ஃபார்மை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விரிப்பில் கொட்டிய ரத்தம் எவ்வளவு என்று கேட்பேன். கண்ணளவில் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள், பிறகு அளந்து காட்டுவோம். ஜூனியர் நர்ஸ் "டாக்டர், ரத்தம் நிக்கலை, சீனியரைக் கூப்பிடலாமா?" என்று வாய்விட்டுக் கேட்கிறாரா என்றும் பார்ப்பேன். ஒத்திகைக்குப் பிந்தைய கலந்துரையாடலில் ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை கேட்கமாட்டார்.

இன்னும் சரியாகாதது நைட் டூட்டி. டிரில் எல்லாம் பகலில்தான் நடக்கிறது. ரத்த வங்கிக்கு ஓடும் அட்டெண்டரையும் இதுவரை ஒரு தடவைகூடச் சேர்த்ததில்லை.