இரைப்பைப் புற்று பரவுமா? மெத்தில் தடத்தைக் கட்டியில் தேடலாமா, ரத்தத்தில் தேடலாமா, கழுவிய நீரிலா?

இரைப்பைப் புற்றுக்கு அறுவை செய்ய வயிற்றைத் திறக்கிறார்கள். உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் பெரிடோனியச் சவ்வின் மேல் கசகசா தூவியது போல வெள்ளை முடிச்சுகள். முன்பு எடுத்த சிடி ஸ்கேனில் அவை தெரிந்திருக்காது. சில மில்லிமீட்டர் அளவு முடிச்சுகள் அதற்குப் பெரும்பாலும் தப்பிவிடும். புற்று அங்கே பரவிய பிறகு இரைப்பையை எடுத்தாலும் நோய் தீர்வது அரிது. அதனால் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

இப்போதைய நம்பகமான வழி லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது. அந்தத் துளை வழியே உப்புநீர் ஊற்றி, கலக்கி, உறிஞ்சி, அந்தக் கழுவிய நீரில் புற்றுச் செல் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இருந்தால் ஜப்பானிய வகைப்பாட்டில் அது நான்காம் நிலை, அதாவது மிக முற்றிய நிலை. சிக்கல் என்னவென்றால், 'செல் இல்லை' என்று வந்தவர்களிலும் பலருக்குப் பின்னாளில் அதே சவ்வில் நோய் திரும்புகிறது.

இங்கேதான் மெத்திலேற்றம் வருகிறது. மரபணுவின் எழுத்து மாறாது. மெத்தில் என்ற சிறு வேதிக்குழு அதன் வாசலில் பூட்டாக விழுந்து மரபணுவை அடக்கிவிடும், அவ்வளவுதான். சிடிஎச்1 மரபணு செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்தைச் செய்கிறது. அது பூட்டப்பட்டால் செல்களின் பிடி தளரும். பூட்டைக் கண்டுபிடிக்க டிஎன்ஏவைப் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் ஊறவைப்பார்கள். டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் இல்லாவிட்டால் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும், மெத்தில் ஏறியது அப்படியே நிற்கும். அப்புறம் டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் இரண்டையும் பிரித்துக் காட்டும். 1996 முதல் புழங்கும் முறை இது. பைசல்ஃபைட் டிஎன்ஏவில் பெரும்பகுதியைச் சிதைத்தும் விடும்; குறைவான மாதிரியில் இது பெரிய இழப்பு.

சரி, எதில் தேடுவது?

எண்டோஸ்கோப்பியில் எடுத்த கட்டித் துணுக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது, தனிச் செலவில்லை. ஆனால் நான் அதை அதிகம் நம்பமாட்டேன். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவின் தொற்றே இரைப்பைச் சுவரில் மெத்திலேற்றத்தைக் கூட்டுகிறது என்று டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தின் உஷிஜிமா குழு 2006-இல் காட்டியது. அப்படியானால் நாம் பார்ப்பது புற்றின் தடமா, பழைய தொற்றின் வடுவா? இன்னொன்று: 2014-இல் 295 கட்டிகளை அலசிய டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்று மரபணுத் திட்டத்தின் ஆய்வில் மிக அதிக மெத்திலேற்றம் இருந்தது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய வகையில்; கட்டிகளில் ஏறக்குறைய 9 சதவீதம் அந்த வகை. பொதுவாக அந்த வகை நோயாளிகள்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். மெத்தில் கூடினால் பரவல் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே உடைகிறது.

ரத்தம் எடுப்பது சுலபம், மாதாமாதம் எடுக்கலாம். கல்லீரலுக்குப் போன நோயை அது ஓரளவு காட்டும். சவ்வோடு நிற்கும் நோய் ரத்தத்தில் விடும் டிஎன்ஏ சொற்பம். நமக்கு வேண்டிய கேள்விக்கே அது ஊமையாகிறது.

என் தேர்வு கழுவிய நீர். ஆரோக்கியமான பெரிடோனியத்தில் இரைப்பைச் செல்லுக்கு வேலையே இல்லை. அதனால் தொற்றின் இரைச்சல் அங்கே குறைவு. ஜப்பானில் 2010-இல் வந்த ஆய்வு ஒன்று சிஎச்எஃப்ஆர், ஆர்ஏஎஸ்எஸ்எஃப்2 உள்ளிட்ட சில மரபணுக்களை இந்த நீரில் சோதித்து, மெத்திலேற்றம் இருந்தால் சவ்வில் நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்றது. இதே நீரில், புற்றுச் செல்கள் அதிகம் செய்யும் சிஇஏ புரதத்தின் மரபணுவிலிருந்து வரும் நகலான ஆர்என்ஏவைத் தேடுவதும் உண்டு. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும், டிஎன்ஏ தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. செத்த செல்லின் டிஎன்ஏவும் 'ஆம்' என்றே சொல்லும், ஆனால் செத்த செல் எங்கும் வேரூன்றாது. அந்த ஒரு 'ஆம்'-ஐ வைத்து ஒருவரின் அறுவையை மறுப்பது கொடுமை. நுண்ணோக்கியை ஒதுக்காமல், செல் இல்லை என்று வந்தவர்களின் மிச்ச நீரில் மட்டும் இதைப் பார்த்து, அவர்களை இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்கலாம். அதற்கு முதலில், சோதனை முடிந்ததும் அந்த நீரைக் கொட்டிவிடாமல் உறையவைக்க வேண்டும்.