ஹெட்லைட் பல்போடு போய் வாங்கிய பவர் சப்ளை

முப்பது ஆண்டுகளாக என் பட்டறையில் பவர் சப்ளை, அதாவது பழுது பார்க்க வரும் பொருளுக்கு மின்சாரம் கொடுப்பது, என்றால் ஒரு பழைய கார் பேட்டரியும், சுவரில் தொங்கும் 100 வாட் குண்டு பல்பும்தான். மைக் செட் ஆம்பிளிபயர் எது வந்தாலும் பல்பைத் தொடரில் போட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஆம்பிளிபயர் பிழைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு அப்படிக் காவல் கிடையாது. ஒரு முறை கிளிப் வழுக்கியதில் போர்டின் செம்புக் கோடு கண்ணெதிரே புகையாகிப் போனது. கடையை மூடிவிட்டுத் திருநகர் வீட்டின் பின்னறைக்கு மேசையை மாற்றியபோது, இனியாவது முறையான ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது 30 வோல்ட், 5 ஆம்பியர் வரை கொடுக்கும், டிரான்ஸ்பார்மர் வைத்த பெட்டி. மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு கடை; விலை 8,200 ரூபாய். மேலே ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே பெட்டி பல பெயர்களில் வருகிறது.

கடைக்காரத் தம்பி முதலில் எடுத்து வைத்தது எஸ்.எம்.பி.எஸ். வகை; கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றுவது. ஒரு கையில் தூக்கலாம், விலையும் குறைவு. மஞ்சள் பையிலிருந்து என் பாக்கெட் ரேடியோவை எடுத்து, மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி அதன் பக்கத்தில் வைத்தேன். கர்ரென்று ஒரே இரைச்சல். எல்.இ.டி. விளக்குக்கோ மொபைல் வேலைக்கோ அது போதும். மைக்கில் வரும் மெல்லிய இரைச்சலைத் தேடிப் பிடிக்கிற எனக்கு ஆகாது. டிரான்ஸ்பார்மர் பெட்டியின் அருகில் ரேடியோ சாதுவாக இருந்தது.

அடுத்து, வோல்டேஜைக் குறைத்து வைத்து, வெளியே வரும் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தேன். தம்பி பதறிவிட்டார். "ஐயா, எரிந்துவிடும்!"

"எரிந்தால் இது வாங்க வேண்டிய பொருளே இல்லை, தம்பி."

எரியவில்லை. கரண்ட் எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைக்கும் குமிழைத் திருகி 3 ஆம்பியரில் நிறுத்தினேன். எண் அங்கேயே நின்றது. பிறகு பையிலிருந்து 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு வெளியே வந்தது. சூடான பல்பு நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் கேட்கும். குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால், போட்ட கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கப் பார்க்கும். அதனால்தான் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. 3 ஆம்பியர் வரம்பில் பல்பு மங்கலாகச் சிவந்து நின்றுவிட்டது, வோல்டேஜ் பன்னிரண்டை எட்டவேயில்லை. வரம்பை 5 ஆக்கினேன். இழை சூடேற ஏற வோல்டேஜ் மெல்ல ஏறி 12.0 வந்து நின்றது. என் சுவரில் தொங்கிய குண்டு பல்பு செய்த வேலையையே இந்தக் குமிழ் எண் போட்டுச் செய்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில்தான் குறைகள் தெரிந்தன. பெட்டியோடு கொடுத்த வயரை வீசிவிடுங்கள். 4.6 ஆம்பியர் ஓடும்போது பெட்டியில் 12 வோல்ட், பல்பின் காலில் மல்டிமீட்டரை வைத்தால் 11.5. அரை வோல்ட்டை வயரே தின்றுவிடுகிறது. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் புதிதாகச் செய்துகொண்டேன்.

இரண்டாவது குறை கொஞ்சம் வஞ்சகமானது. 12 வோல்ட்டில், வரம்பை 20 மில்லி ஆம்பியரில் வைத்துவிட்டு ஒரு சிவப்பு எல்.இ.டி.யைத் தொட்டேன். ஒரு மின்னல், அவ்வளவுதான், செத்தது. முனைகளுக்குக் குறுக்கே உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதில் ஏற்கெனவே நிரம்பிய மின்னூட்டத்தை எந்தக் குமிழும் தடுக்காது. முதலில் பொருளை மாட்டிவிட்டு, பிறகு வோல்டேஜைச் சுழியத்திலிருந்து ஏற்றுவதே வழி. இதைப் பெட்டிக்குள் வந்த தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மாலையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 190க்குக் கீழே இறங்குவது உண்டு. அப்போது 30 வோல்ட், 5 ஆம்பியர் கேட்டால் தள்ளாடுகிறது. 28க்கு மேல் நிற்கவில்லை, ஆம்பிளிபயரில் உம்மென்ற ஓசையும் ஏறுகிறது. 24 வோல்ட்டுக்குள் வேலை செய்தால் அசைவில்லை. எனக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். வோல்டேஜ் குமிழைத் திருப்பும்போது உள்ளே ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் டக் டக்கென்று மாறும் ஓசையும் எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. குறைந்த வோல்டேஜுக்கு டிரான்ஸ்பார்மரின் குறைந்த சுற்றுக்கு மாறுவதால்தான் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெந்து போகாமல் இருக்கின்றன.

அவை 2என்3055 என்பதை முதல் நாள் இரவே மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். எத்தனையோ ஆம்பிளிபயர்களில் கழற்றி மாட்டிய பழைய சிநேகிதர்கள். அவற்றைப் பார்க்கும் ஆசையில் திருகாணி மேல் ஒட்டியிருந்த உத்தரவாத ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டேன். நான்காம் மாதம் மின்விசிறி கரகரக்கத் தொடங்கியது. கடைக்குக் கொண்டுபோனால் தம்பி கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புது மின்விசிறிக்கு 180 ரூபாய் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.