திரைச்சீலைக்கான வரி என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள்: துணி எடுப்பிக்கும் வன்னித் தையல்காரர்கள் கவனத்துக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் இந்தியாவில் இருந்து துணி எடுப்பித்துத் தைப்பவர்கள் இதை முழுதாக வாசியுங்கள். கொழும்பில் இருக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்தில் இருந்து சரக்கை விடுவித்துத் தருபவர்), சுங்கத்தில் துணியின் வரிக் குறியீட்டை மாற்றிவிட்டார்கள் என்று பொய் சொல்லி, கட்டாத வரிக்கு என்னிடம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார். அவருடைய பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியட்டும். ஆனால் அவர் செய்த வேலை இன்னொருவரிடம் நடக்கக்கூடாது.

கிளிநொச்சியில் சிறிய தையலகம் ஒன்று நடத்துகிறேன். படுக்கை விரிப்பு, குஷன் உறை, தோள்பை தைக்கிறோம். வேலை செய்கிற பெண்களில் பலர் தனியாகக் குடும்பம் பார்ப்பவர்கள். பைக்கும் விரிப்புக்கும் மெல்லிய துணி நிற்காது. அதனால் கரூரில் ஒரு வியாபாரியிடம் இருந்து பூ அச்சடித்த தடித்த பருத்தித் துணியைச் சுருளாக எடுத்தோம். தூத்துக்குடியில் ஏற்றி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. இன்வொய்ஸில் எல்லாம் தெளிவாக இருந்தது: நூறு வீதம் பருத்தி, சாதா நெசவு, அச்சடித்தது, சதுர மீட்டருக்கு 240 கிராம்.

சரக்கு வந்து சில நாளில் ஏஜென்டிடம் இருந்து போன். "அக்கா, கஸ்டம்ஸில கோட் நம்பரை மாத்திப் போட்டாங்கள். தடிச்ச துணி, பெரிய பூ, இது கேட்டின் (திரைச்சீலை) எண்டு சொல்லுறாங்கள். வரி கூடப் போகுது. நாளைக்குள்ள காசு போடாட்டி டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறும்." கணக்கைக் காட்டு என்றதற்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. எக்செல் தாளில் அடித்த கணக்கு, மேலே 6303.91 என்ற எண். சுங்கத்தின் தலைப்போ பதிவு இலக்கமோ முத்திரையோ எதுவும் இல்லை. காசைத் தன் சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னார். துணி துறைமுகத்தில் கிடக்க, ஓடர் கொடுத்த கடைக்காரர் ஒருபுறம் அவசரப்படுத்த, காசு அனுப்பினோம்.

அந்தப் பொய் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேட்பதற்கு அது நியாயமாகத்தான் இருக்கும். தடித்த துணி, பெரிய பூ, திரைச்சீலை மாதிரித்தான் தெரியும்!

சுங்கத்தின் கட்டண அட்டவணை அப்படிப் பார்ப்பதில்லை. உலகம் முழுக்கப் பயன்படுகிற குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. அதற்குப் பின்னால் வருவதை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். பருத்தி 85 வீதமோ அதற்கு மேலோ உள்ள நெய்த துணி சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை என்றால் 5208, 200 கிராமைத் தாண்டினால் 5209. பருத்தி 85 வீதத்துக்குக் குறைந்து பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்தால் அதே எடைக் கோட்டில் 5210, 5211 என்று பிரியும். பிறகுதான் வெளுக்காதது, வெளுத்தது, சாயமிட்டது, பல நிற நூலில் நெய்தது, அச்சடித்தது என்ற பிரிவு. 5209இல் அச்சடித்த சாதா நெசவு 5209.51, மூன்று நூல் அல்லது நான்கு நூல் ட்வில் நெசவு 5209.52, மற்றவை 5209.59. எங்கள் துணி 5209.51. இதில் பூ பெரிதா சிறிதா, யாருடைய சன்னலில் தொங்கப் போகிறது என்ற கேள்விக்கே இடமில்லை.

முல்லைத்தீவில் பத்திக் செய்யும் ஒரு தோழிக்கு இது புதிய செய்தியாக இருந்தது: மெழுகு போட்டுச் சாயமேற்றுகிற பத்திக் துணியையும் அட்டவணை அச்சடித்த துணியாகத்தான் கணக்கெடுக்கிறது. கையால் தூரிகை போட்டு வரைந்த துணியும் அப்படியே.

6303 என்பது தைத்து முடித்த திரைச்சீலைக்கு. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு 6302இல் வரும். ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும், அல்லது அப்படியே பயன்படுத்தலாம் என்கிற நிலையில் முடிந்திருக்க வேண்டும். ஓரம் தைக்காமல் சுருளில் வருவது துணி மட்டுமே. வெறுமனே நீள்சதுரமாக வெட்டியிருந்தாலும் அது திரைச்சீலை ஆகாது.

இவ்வளவையும் எங்களுக்கு விளங்கப்படுத்தியது வற் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர். லொறி துணியோடு வந்தபோது சாரதியின் கையில் இருந்த கடதாசிக் கட்டில் கஸ்டெக் (சரக்கைப் பற்றிச் சுங்கத்துக்குக் கொடுக்கும் பிரகடனப் படிவம்) பிரதி ஒன்று மடித்துக் கிடந்திருக்கிறது. தம்பி அதை விரித்து 33ஆம் கட்டத்தில் விரலை வைத்தார். 5209.51 என்று தொடங்கும் எண். கீழே 47ஆம் கட்டத்தில் வரிக் கணக்கு. நாங்கள் அனுப்பிய தொகைக்கும் அதற்கும் கிட்டவும் இல்லை. குறியீட்டை யாரும் மாற்றவே இல்லை.

சந்தேகம் தீர நாங்களே ஒரு தரம் நிறுத்தும் பார்த்தோம். சுருளின் நடுவில் இருந்து பத்து சென்ரிமீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை அளந்து வெட்டி, சந்தையடியில் உள்ள நகைக்கடையின் தராசில் வைத்தோம். 2.4 கிராம். நூறால் பெருக்கினால் 240. நகைக்கடை அண்ணை, "இதென்ன தங்கமோ?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டும் நிறுத்துத் தந்தார். அதுவும் அதே எடை. நூல் ஒன்றைப் பிரித்துக் கொளுத்தினோம். கடதாசி எரிகிற மணம், விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பல். பொலியெஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கறுத்த கட்டி உருண்டு நிற்கும்.

ஏஜென்டுக்குப் போன் எடுத்தோம். "அக்கா, அது முதல் போட்டது, பிறகு மாத்தினவை" என்றார். எங்கள் கையில் இருந்த பிரதியில் வரி கட்டிய திகதி, அவர் எங்களிடம் கூடுதல் காசு வாங்கியதற்குப் பிந்தியது. மாற்றியிருந்தால் திருத்திய கஸ்டெக்கைக் காட்டுங்கள், வரி கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டதும் தொனி மாறியது. பாதியைத் தருகிறேன், பெரிதாக்க வேண்டாம் என்றார். பிறகு போன் எடுப்பதில்லை.

எனக்கு ஆத்திரம் காசைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் காசு விரிப்பின் அடக்க விலையில் ஏறியது. விலையைக் கூட்டினால் கடைக்காரர் எடுக்கமாட்டார். எனவே அந்த மாதம் தையல் பிள்ளைகளுக்குத் தருவதாக இருந்த கூலி உயர்வு நின்றுபோனது. துறைமுகம் எங்கோ இருக்கிறது, இவர்களுக்கு வந்து பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பஸ். அந்தத் தூரத்தை அவர் விற்றுப் பிழைக்கிறார்.

சுங்கம் உண்மையாகவே குறியீட்டைக் கேள்வி கேட்பதும் உண்டு. மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள், எடையும் இழையும் பார்ப்பார்கள். அப்படி நடந்தால் அது கடதாசியில் இருக்கும். நீங்களும் பதில் சொல்லலாம், ஆட்சேபிக்கலாம். பிழையான விபரம் கொடுத்தால் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி சரக்கையே பறிமுதல் செய்ய முடியும். சிக்கல் ஏஜென்டுக்கு மட்டும் இல்லை, இறக்குமதியாளராகப் பெயர் இருக்கிற உங்களுக்கும்தான். ஆகவே யாராவது குறைந்த வரி வருகிற வேறு எண்ணில் போட்டுத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

ஒழுங்கான ஏஜென்ட் துணியைப் பற்றிக் கேட்பார்: எத்தனை வீதம் பருத்தி, எடை எவ்வளவு, என்ன நெசவு, சுருளா தைத்ததா. எங்களுடையவர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. சரக்கு ஏற்ற முன்பே துணியின் ஒரு துண்டை வாங்கி நிறுத்துப் பார்த்து, சுங்கத் திணைக்களம் இணையத்தில் போட்டிருக்கிற அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள வரி, செஸ் என்ற மேலதிக வரி, வற் நிரல்களைப் பார்த்துவிடுங்கள். கூடுதல் வரி என்று போன் வந்தால் கஸ்டெக் பிரதியும் பற்றுச்சீட்டும் வராமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

முறைப்பாட்டைக் கொழும்பு 11, மெயின் வீதியில் உள்ள சுங்கத் தலைமையகத்தில் கொடுத்தோம். ஏஜென்டுகளுக்கு அனுமதி கொடுப்பது சுங்கம்தான். எக்செல் படம், வங்கிச் சீட்டு, கஸ்டெக் பிரதி மூன்றையும் இணைத்தோம். வாட்ஸப் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்தது உதவியது.

அதே ஆள் இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் இரண்டு தையலகங்களுக்குத் துணி எடுத்துத் தருவதாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் ஏற்கெனவே சரக்கு எடுத்தவர்கள் இன்றைக்கே கஸ்டெக் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, 33ஆம் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்து விளங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், தம்பியிடம் காட்டிச் சொல்கிறேன்.