மலை ஏறும் ஆர்எக்ஸ் 100: சைலன்சர் சூடும் புகையும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைச் சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் பழைய டூ-ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே இரண்டு குறைகள்தான். பின்னால் வருகிறவன் திட்டுகிற அளவுக்குப் புகை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் கால் பட்டால் தோல் உரிகிற அளவுக்குச் சூடு. பத்து வருடங்களுக்கும் மேலாக யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இந்தப் பாதையில் ஆளும் மூட்டையுமாக ஏற்றி இறக்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: புகையும் சூடும் தனித்தனி நோய்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் மற்றதை வளர்த்துவிடும். புகைகிறதே என்று ஆயிலைக் குறைப்பவர் இன்ஜினைச் சூடேற்றுகிறார். சூடேறுகிறதே என்று ஆயிலைக் கூட்டி ஊற்றுபவர் சைலன்சரை அடைக்கிறார். அடைத்த சைலன்சர் திரும்பவும் சூட்டைக் கூட்டுகிறது.

முதலில் வண்டியின் இயல்பு. 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. 98 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 மில்லிமீட்டர். சொல்லப்படும் 11 குதிரைத்திறன் கிடைப்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். அதாவது வாய்விட்டுக் கத்தும்போதுதான் இந்த இன்ஜினுக்கு மூச்சு சீராகும். நாம் செய்வது அதற்கு நேர்மாறு: வளைவுக்கு வளைவு ஹாஃப் கிளட்ச், முதல் கியர், பாதிக்கும் குறைந்த சுற்று. டூ-ஸ்ட்ரோக்கில் எரிந்த கழிவை வெளியே தள்ளுவதே புதிதாக உள்ளே வரும் கலவைதான். மெதுவாக ஓடும்போது அந்தப் புதுக் கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே தப்பி வெளியே போய்விடும். அதிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் போகும். ஆயில் மட்டும் சைலன்சரின் குளிர்ந்த பின்பகுதியில் போய்ப் படியும். அப்புறம் மேலே நேர்சாலை வந்ததும் முறுக்குகிறோம். சைலன்சர் சூடேறி, படிந்ததெல்லாம் கிளம்பி வருகிறது. இன்றைக்குக் கண்ணாடியில் தெரியும் புகை போன வாரத்து ஆயில்.

பாறை மேல் நடை வேகத்தில் ஏறும் ட்ரையல்ஸ் பந்தய வண்டிகளுக்கும் இதே தொல்லை உண்டு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் செய்யப்படும் அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நல்ல சிந்தெடிக் ஆயிலை ஒன்றரை சதவீதம், அல்லது அதை ஒட்டிய அளவில்தான் கலக்கிறார்கள். ஒரு பாறைப் பகுதியைத் தாண்டியதும், அடுத்ததற்குப் போகும் வழியில் நன்றாக முறுக்கிச் சைலன்சரைத் துப்பவைப்பார்கள். நம் மலைக்கும் இது பொருந்துகிறது. ஏற்றம் முடிந்து சமதளம் வந்ததும் உடனே மேல் கியருக்குத் தாவாமல், இரண்டாவது கியரிலேயே ஒரு கிலோமீட்டர் நன்றாகச் சுற்றவிடுவேன். பின்னால் ஆள் இல்லாதபோதுதான்.

நாமக்கல்லில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஒரு பெரியவர். "தம்பி, பொகையப் பாத்து ஏனுங்க பயப்படறீங்க? டூ-ஸ்ட்ரோக்குல பொகையே வரலீன்னாத்தான் பயப்படோணும்" என்பார். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி, அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

காலையில் மட்டும் குப்பென்று புகைந்து, கொஞ்சம் ஓடியதும் தெளிந்தால் கவலையில்லை. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் டேங்க் மட்டம் இறங்கியிருந்தால் அது வேறு விஷயம். டேங்க் ஆயிலை அளந்து அனுப்பும் ஆட்டோலூப் பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. அதில் தூசி ஒட்டினாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, நிற்கிற வண்டியில் ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். கழற்றிப் பெட்ரோலில் அலசினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பலர் இது தெரியாமல் பிஸ்டன், ரிங் என்று செலவு வைத்துக்கொள்கிறார்கள்.

ஓடினாலும் புகை குறையாமல், டூ-டி (டூ-ஸ்ட்ரோக்குக்கான) ஆயிலின் வாடை இல்லாமல், கமறுகிற கனத்த நெடி அடித்தால் கியர் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. இதற்குச் சந்தேகமில்லாத சோதனை ஒன்றுதான். கியர் ஆயிலை அளந்து ஊற்றுங்கள். ஒரு மாதம் ஓட்டியபின் வடித்து மறுபடி அளந்து பாருங்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் அளவு குறைந்திருந்தால் அது சைலன்சர் வழியாகத்தான் போயிருக்கிறது. சோக் முழுதாக மூடாததும், ஏர் ஃபில்டரில் ஆயில் ஊறிக் கிடப்பதும் அடுத்து பார்க்க வேண்டியவை. அவை ஐந்து நிமிட வேலை.

இனி சூடு. புகையைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் புகை ஊருக்கே தெரியும், சூடு, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்கும்வரை சொல்லாது.

சூட்டுக்குப் பொதுவான காரணம் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அந்தக் காற்று எங்கே நுழைகிறது என்று பார்த்தால், கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்திருக்கும், அல்லது மேக்னட் பக்கத்து ஆயில் சீல் காய்ந்திருக்கும். அடையாளம் சுலபம். முறுக்கி விட்டபின் ஐட்லிங் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்று மெதுவாக இறங்கும். சில வண்டிகளில் இறங்கவே இறங்காது. அந்த நிலையில் கொல்லிமலை ஏறக் கூடாது. மேக்னட் சீலை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். கிளட்ச் பக்கத்துக்கு வேலை அதிகம். இன்ஜின் திறக்கிற சமயம் வந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே புத்தி. விலை குறைந்த சீல்கள் ஒரே கோடையில் கல்லாகிவிடுகின்றன. இந்த விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்காக அளவு வைத்த ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), இந்தப் பெட்ரோலில் கலவையை மெலிதாக்கிவிடும். ஆர்எக்ஸில் அதைத் தானே திருத்திக்கொள்ளும் சென்சார் எதுவும் கிடையாது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டியபின் என் வண்டியில் ஏற்றத்துச் சூடு கண்கூடாகக் குறைந்தது. பெட்ரோல் பைப்பையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றியாயிற்று, பழைய ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கத் தொடங்கியதால். பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் டேங்க்கின் அடியைக் கவனியுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஜெட் விஷயத்தில் பிளக்கைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மெதுவாக மலை ஏறி நிறுத்திய வண்டியின் பிளக் எப்போதுமே கறுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கலவை அதிகம் என்று ஜெட்டைக் குறைத்தால், அடுத்த முறை சேந்தமங்கலம் சாலையில் முறுக்கும்போது பிஸ்டன் பிடிக்கும். மெயின் ஜெட்டைப் பார்க்கும் முறை இது: சமதளத்தில் முழு முறுக்கில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிஸ்கட் கலர் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ஜெட்டைக் கூட்டுங்கள்.

காற்றும் பெட்ரோலும் சரியாக இருந்தும் பெண்ட் பைப் மட்டும் கொதித்தால், டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீப்பொறி தாமதமானால், கலவை எரிந்து முடிவதற்குள் சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வெளிவாசல் திறந்துவிடும். மிச்ச நெருப்பு பைப்புக்குள் எரியும். பின் பிரேக் டிரம் பிடித்துக்கொண்டே ஓடுவதும் இதே மாதிரிச் சூட்டைத் தரும் என்பது பலருக்குத் தோன்றாது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் சிலிண்டரின் ஃபின்களுக்கு நடுவே சேறு காய்ந்து கிடந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். காற்றில் ஆறும் இன்ஜின் இது. மெதுவான ஏற்றத்தில் கிடைப்பதே சொற்பக் காற்று.

இப்போது நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன்: சைலன்சர் சுத்தம். ஊரில் வழக்கமான முறை, உள்ளே மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக் கொளுத்துவது. கார்பன் போகும், உண்மைதான். கூடவே குரோமும் நீலம் பாய்ந்து செத்துவிடும், உள்தகடு மெலிந்துபோகும். பழைய நல்ல சைலன்சர் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட இந்தக் காலத்தில் இதை நான் செய்யவிடுவதில்லை. காஸ்டிக் சோடாதான் என் வழி. பின்னால் உள்ள போல்ட்டைக் கழற்றிப் பேஃபிளை (சத்தத்தைக் குறைக்கும் உள்குழாய்) தனியே உருவி எடுத்துவிட வேண்டும். இழுக்கவே வராத அளவுக்குக் கார்பன் கட்டியிருந்தால், போல்ட் ஓட்டையில் கம்பி கோத்துத் தட்டித் தட்டித்தான் எடுக்க முடியும். 5 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. பெண்ட் பைப் பக்கத்து வாயை இறுக்க அடைத்து, சைலன்சரை நிமிர்த்தி நிறுத்தி, கரைசலை ஊற்றி ஓர் இரவு விட்டால், காலையில் கொட்டும்போது தார் மாதிரி இறங்கும். பிறகு பலமுறை தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் முழுதாகக் காயவைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்னும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். சிலிண்டர் ஹெட், பிஸ்டன், கார்பரேட்டர் எதுவும் அந்த வாளிப் பக்கமே போகக் கூடாது. வாளியும் அலுமினியமாக இருக்கக் கூடாது.

சைலன்சரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு விட்டால் பாதி வேலைதான். சிலிண்டரின் வெளிவாசலிலும் கார்பன் கட்டி, வட்டத்தைச் சுருக்கிவைத்திருக்கும். பெண்ட் பைப்பைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்திப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பிஸ்டனின் பக்கச்சுவர் வாசலை மூடிக்கொள்ளும், சுரண்டும் தூள் உள்ளே போகாது. ஸ்குரூ டிரைவர் வேண்டாம். மூங்கில் பட்டையோ பித்தளைத் துண்டோ போதும், பிஸ்டனில் கீறல் விழாது. திரும்பப் பூட்டும்போது செம்பு வளைய கேஸ்கட் புதிதாகத்தான் போட வேண்டும். பழையது கசிந்தால் அந்த இணைப்பில் கறுப்பு ஆயில் வழியும், ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கும்.

சத்தத்துக்காகப் பேஃபிளைக் கழற்றிப் போடுகிற பையன்களிடம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏற்றத்தில் இழுவை போய், முதல் கியரில் திணறும்போது அவர்களே திரும்ப மாட்டிக்கொள்வார்கள்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் இந்த மலையில் நான் பார்த்த பிஸ்டன் பிடிப்புகள் அதிகமும் இறக்கத்தில்தான். ஆட்டோலூப் பம்ப், இன்ஜின் சுற்றையும் ஆக்சிலேட்டர் நிலையையும் வைத்துத்தான் ஆயிலை அளந்து விடுகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மூடியிருக்கும், ஆனால் கியர் பிடிப்பில் இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்று அதிகம், ஆயில் குறைவு. பம்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. அதனால் ஒவ்வொரு வளைவு தாண்டியதும் கிளட்சைப் பிடித்து ஒரு முறை லேசாக முறுக்கிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் இது என்ன கிறுக்கு என்று கேட்பார்கள்.

பம்ப் வைத்திருப்பவர்கள் அதன் கேபிளையும் பாருங்கள். கேபிள் தளர்ந்தால் ஆயில் குறையும். புல்லியில் உள்ள குறி பொருந்துகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் பாட்டில் மூடிக் கணக்கை விட்டுவிட்டு அளவுக் குவளைக்கு மாறினாலே பாதிப் புகை போய்விடும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 30-க்கு 1 என்றால் 33 மில்லி. இவ்வளவு வித்தியாசத்தைக் கண்ணளவில் யாராலும் பிடிக்க முடியாது.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜேசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறியீடு போட்டிருக்கிறதா பார்ப்பேன். எஃப்பி ரகத்தைவிட எஃப்சி, எஃப்டி இரண்டும் புகையில் மிகக் குறைவு. கார்பன் கட்டாமல் காப்பதில் எஃப்டி ஒரு படி மேல். டூ-டி ஆயில் தீர்ந்த அவசரத்துக்கு நாலு-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகிப் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்கிற கூலிக்கு எத்தனையோ லிட்டர் நல்ல ஆயில் வாங்கிவிடலாம்.

கடைசியாகப் புகைச் சான்றிதழ். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. அங்கே அளப்பது கண்ணுக்குத் தெரியும் புகையை அல்ல, இந்த இரண்டு வாயுக்களை. ஆகவே பளிச்சென்று புகையில்லாமல் நிற்கும் வண்டியும் தோற்கலாம், லேசாகப் புகையும் வண்டியும் தேறலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி, சைலன்சரில் உள்ளதையெல்லாம் வழியிலேயே துப்பவைத்து, ஏர் ஸ்குரூவைச் சரிபார்த்துவிட்டு நேராக அங்கே போய் நிறுத்துங்கள். டீக்கடையில் நிறுத்தி ஆறவிட்டுப் போனால் ஹைட்ரோகார்பன் அளவு ஏறிவிடும்.