ஆவாரை நாற்று: ஒன்றரை ஆண்டு வளர்த்த பின்

கோவையை அடுத்த ஒரு நாற்றுப்பண்ணையில், முந்தின ஆண்டு ஆவணியில் 40 ரூபாய் வீதம் வாங்கிய 4 ஆவாரை நாற்றுகளில் இன்று இரண்டே எஞ்சியுள்ளன. பட்டுப்போனவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஆழமாக இறங்க வேண்டிய ஆணிவேர் சிறிய பையின் அடியில் வளையமாகச் சுருண்டு கிடந்தது. நாற்றைப் பையிலேயே நெடுநாள் வைத்திருந்து விற்றது வருத்தத்துக்குரியது. வாங்குவோர் உயரத்தைப் பார்த்து மயங்காமல், சாண் உயர இளஞ்செடியையே கேட்டு வாங்க வேண்டும்.

பிழைத்த இரண்டும் மனத்தை நிறைத்துவிட்டன. முதல் சில மாதங்கள் மட்டும் வாரம் இருமுறை நீர் விட்டேன். பிறகு சித்திரை வெயிலிலும் ஒரு குடம்கூட ஊற்றாத நிலையில், செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டில் அவை இடுப்பளவு உயர்ந்து, கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்தன. காலையில் கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு, உடல் அதிர ரீங்கரித்து மகரந்தத்தை உதிர்ப்பதை அருகில் நின்றே பார்க்கலாம். இலைகளில் பச்சைப் புழுக்களைக் கண்டு மருந்தடித்துவிடாதீர்கள். அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கவிருப்பவை. இந்தத் தைப்பொங்கலையொட்டி வீட்டில் காப்புக் கட்டுவதற்கு, வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் எங்கள் வீட்டு ஆவாரம்பூவே சேர்ந்தது. நீர் தேங்கும் இடத்தில் மட்டும் இதை நட வேண்டாம்.