ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் சென்டர்: மாக் டெஸ்ட் ஓகே, ரைட்டிங் கிளாஸ் வேஸ்ட்

ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் தேர்வுக்கு திருச்சில நான் போன ஒரு சென்டர் பத்தின ரிவ்யூ இது, பேரு வேணாம். கனடா பிஆருக்கு (நிரந்தரமா தங்குற அனுமதி) ட்ரை பண்றவங்க நெறைய பேர் இந்த மாதிரி எடத்துல தான் போய் சேர்றாங்க, அதான் எழுதுறேன்.

வாரக்கடைசில வெக்கிற மாக் டெஸ்டுக்கு (மாதிரி தேர்வு) மட்டும் தாராளமா காசு குடுக்கலாம். லிசனிங் அரை மணி நேரம், அப்புறம் ரீடிங் ஒரு மணி, ரைட்டிங் ஒரு மணின்னு நடுவுல எந்திரிக்கவே விடமாட்டாங்க. வீட்ல பண்ணா கை தானா ஆடியோவ நிறுத்துற பாஸ் பட்டனுக்கு போயிடும், எக்ஸாம்ல ஆடியோ ஒரே தடவ தான் ஓடும். ஆனா இதுலயும் ஒரு கோளாறு, பேப்பர் எக்ஸாம் மாதிரி கடைசில ஆன்சர் எடுத்து எழுத 10 நிமிஷம் குடுத்து பழக்குறாங்க, கம்ப்யூட்டர்ல எழுதுறவனுக்கு சரிபாக்க 2 நிமிஷம் தான், கேக்கும்போதே டைப் பண்ணிடணும்.

ஸ்பீக்கிங் சார் தங்கம். ஒரு டாபிக் குடுத்து, 1 நிமிஷம் யோசிக்க விட்டு, 2 நிமிஷம் பேசச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி நமக்கே போட்டுக் காட்டுவாரு. வெள்ளக்காரன் மாதிரி பேச ட்ரை பண்ணாத, புரியுற மாதிரி பேசு போதும்னு அவர் தான் சொன்னாரு.

ரைட்டிங் தான் கொடும. அகாடமிக் (படிக்கப் போறவங்க), ஜெனரல் (பிஆர், வேலைக்குப் போறவங்க) ரெண்டு பேரையும் ஒரே பேட்ச்ல போட்டுட்டாங்க. ஜெனரல்ல டாஸ்க் 1 லெட்டர் எழுதணும், நாங்க என்னடான்னா கிராஃப், பை சார்ட்னு பாத்துட்டு உக்காந்திருந்தோம். டாஸ்க் 2க்கு தான் ரெண்டு மடங்கு மார்க், அதுக்கு ஒரு டெம்ப்ளேட்ட குடுத்து மனப்பாடம் பண்ணுங்கன்றாங்க. எந்தக் கேள்வி வந்தாலும் அதே நாலு பாரா, அதே "ஃபர்தர்மோர்". கேட்ட கேள்விக்கு பதில் இருக்கான்னு தானே எக்ஸாமினர் மொதல்ல பாக்குறாரு, மனப்பாடம்லாம் ஈஸியா கண்டுபிடிச்சிடுவாங்க. எழுதிக் குடுத்தா மேல 6.5னு பேண்ட் (9க்கு குடுக்குற மார்க்) போட்டுத் திருப்பித் தருவாங்க, எங்க தப்புன்னு ஒரு வரி கெடையாது, இதுக்கு எதுக்குங்க ஃபீஸ்?

கனடா பிஆருக்கு அப்ளை பண்ற எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு சிஎல்பி (கனடாவோட மொழித் திறன் லெவல்) 9 வேணும்னா லிசனிங் 8, மத்த மூணுலயும் 7 எடுக்கணும், அதனால மொத்த பேண்ட் மட்டும் பாத்தா பத்தாது, ரைட்டிங் 6.5ல நின்னா அங்கயே மாட்டிக்குவீங்க. சென்டர் வாசல்ல "7+ கேரண்டி"ன்னு போர்டு வேற.

மெட்டீரியல்னு தனியா காசு வாங்கிட்டு குடுக்கறது வெறும் ஜெராக்ஸ். ஐஇஎல்டிஎஸ் அஃபிஷியல் சைட்லயே சாம்பிள் டெஸ்ட் ஃப்ரீயா இருக்கு, அத எடுத்துக்கோங்க.

மாக் டெஸ்ட்டும் ஸ்பீக்கிங்கும் மட்டும் தனியா தருவாங்களான்னு கேளுங்க, அடிச்சுக் கேட்டா தருவாங்க. ரைட்டிங்குக்கு ஒவ்வொரு வரியா திருத்தித் தர ஒரு ஆள வெளிய புடிங்க. 5க்கு 2.5, அதுல 2 அந்த ஸ்பீக்கிங் சாருக்கு.